பெட்டி மலிவு, சந்தா நீளம்: தின் கிளையன்ட் சந்தையின் முப்பது ஆண்டுகள்

2010களின் நடுவில் உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விற்ற தனிக்கணினிகள் 27 கோடியைத் தாண்டின. அதே காலத்தில் தின் கிளையன்ட் கணினிகளின் விற்பனை, சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் கணக்கில், ஆண்டுக்கு 50 லட்சத்தை ஒட்டியே நின்றது. நூறு கணினி விற்கும் இடத்தில் இரண்டு. அலுவலக மேசையிலிருந்து தனிக்கணினியை அகற்றப்போகிறோம் என்று பெரிய மேடையில் அறிவித்து இருபது ஆண்டுகள் ஆன பிறகும் நிலைமை அதுதான். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் தின் கிளையன்ட் தோற்றுப்போன சரக்கு என்றே முடிவுகட்டுவார்.

ஆனால் வங்கிக் கவுன்ட்டரிலும், பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளிலும், கால் சென்டர் வரிசைகளிலும் பல இடங்களில் திரையில் தெரியும் விண்டோஸ் அந்த மேசையில் ஓடவில்லை. எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது. மேசைக்கு வருவது அதன் படம் மட்டும். சாதனம் சிறுபான்மையாகவே இருந்தது, அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு பரவிவிட்டது. பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பல மடங்கு அந்த ஏற்பாட்டுக்குப் போகிறது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று பின்தொடர்ந்தால்தான் இந்தச் சந்தை புரியும்.

பெட்டியைப் பற்றி முதலில். பெரும்பாலான தின் கிளையன்ட்களை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லை, அநேகமாக மின்விசிறியும் இல்லை. கீபோர்டில் தட்டியதும் மவுஸை நகர்த்தியதும் நெட்வொர்க் வழியே சர்வருக்குப் போகின்றன. மென்பொருள் அங்கே இயங்கி, திரையில் மாறிய பகுதியின் படம் மட்டும் திரும்பி வருகிறது. கோப்பு எதுவும் மேசைக்கு வருவதில்லை. பெட்டி பழுதானால் வேறொன்றை மாட்டி, கடவுச்சொல் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

இந்த ஏற்பாட்டுக்குத் தூரம்தான் எதிரி. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 130 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் சுற்றிவரும் பாதையையும் இடையில் உள்ள கருவிகளையும் சேர்த்தால் 200ஐத் தாண்டிவிடும். தட்டிய எழுத்து தாமதமாக வருவதை விரல் உணர 100 மில்லிநொடி போதும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்த்தூரம் 1,000 கிலோமீட்டர்தான். அங்கே இருக்கும் சர்வரோடு வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மைக்ரோசாப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பை வட்டாரங்களில் தன் கிளவுட் மையங்களைத் திறந்த பிறகே, சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் அலுவலகம் நடத்துவது இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனையானது. இந்தச் சந்தையின் வரைபடத்தைப் பெருமளவு வரைந்தது தரவு மையங்களின் இருப்பிடம்தான்.

பாரிஸ் மேடையும் புளோரிடா அறையும்

மையத்தில் ஒரு பெரிய கணினி, மேசைகளில் வெறும் முனையங்கள் என்ற அமைப்பு பழையது. ஐபிஎம் 3270 முனையம் 1971இல் வந்தது. டெக் நிறுவனத்தின் விடி100 வந்தது 1978இல். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வைஸ் நிறுவனம் 1981இல் தொடங்கி, இத்தகைய எழுத்து முனையங்களை விற்றே பெரிதானது. அதே 1981இல்தான் ஐபிஎம் தன் தனிக்கணினியையும் வெளியிட்டது. அடுத்த பத்தாண்டில் மேசைகள் அதன் வசமாயின. ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழுக் கணினி என்றால், ஒவ்வொரு மேசையிலும் ஒரு மென்பொருள் நிறுவல், ஒரு வைரஸ் தொல்லை, ஒரு பழுது. கார்ட்னர் நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்தே, கணினியை வாங்கும் விலை அதன் ஆயுட்காலச் செலவில் சிறு பங்குதான் என்று கணக்குப் போட்டுக் காட்டிவந்தது. பராமரிப்பும் உதவி மேசையும் மீதியைத் தின்றன.

அந்தக் கணக்கை ஆயுதமாக எடுத்தவர் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எல்லிசன். 1995 செப்டம்பரில் பாரிஸில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டில், 500 டாலருக்கு ஒரு நெட்வொர்க் கணினி வரும், தனிக்கணினியின் இடத்தை அது பிடிக்கும் என்று அறிவித்தார். அதே மாநாட்டில் பில் கேட்ஸும் பேசினார். 1996 மே மாதம் ஆரக்கிள், சன், ஐபிஎம், ஆப்பிள், நெட்ஸ்கேப் ஆகியவை சேர்ந்து அந்தக் கணினிக்கான பொது வரையறையை வெளியிட்டன. அக்டோபரில் சன் தன் ஜாவாஸ்டேஷனைக் காட்டியது. அதே அக்டோபரில் மைக்ரோசாப்டும் இன்டெலும் நெட்பிசி என்ற பெயரில் எதிர்த்தரப்புத் திட்டத்தை அறிவித்தன.

எல்லிசனின் பெட்டி ஏன் தோற்றது என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள்: அன்றைய ஜாவா மெதுவாக ஓடியது, அலுவலக நெட்வொர்க்குகள் பலவீனமாக இருந்தன, வேர்டும் எக்ஸலும் அதில் இல்லை. எல்லாம் உண்மை. என் கணிப்பில் அதைக் கொன்றது விலை. 1997 தொடக்கத்தில் காம்பேக் 999 டாலருக்கு முழுக் கணினி ஒன்றை விற்றது. அடுத்த ஆண்டே ஈமெஷின்ஸ் என்ற புதிய நிறுவனம் தோன்றி விலையை 500 டாலருக்கும், பிறகு 400 டாலருக்கும் கீழே இறக்கியது. எதையும் செய்யும் கணினியே 400 டாலருக்குக் கிடைக்கும்போது, சர்வர் இல்லாமல் எதுவும் செய்யாத பெட்டிக்கு 500 டாலர் யார் கொடுப்பார்? எல்லிசன் 2000இல் 199 டாலருக்கு இன்னொரு முறை முயன்றார். அதற்காகத் தொடங்கிய நிறுவனமும் 2003இல் மூடப்பட்டது.

ஈமெஷின்ஸின் தலைவராக இருந்த ஸ்டீபன் டக்கர் பிறகு என்கம்ப்யூட்டிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒரு மலிவான தனிக்கணினியின் சக்தியைப் பல இருக்கைகளுக்குப் பகிர்ந்துகொடுக்கும் சிறு கருவிகளை அது விற்றது. 2007இல் மாசிடோனியாவின் பள்ளிகளுக்கு 1,80,000 இருக்கைகள் என்ற ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. ஆந்திரப் பிரதேசத்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கும் அதன் கருவிகள் போயின. தனிக்கணினியை மலிவாக்கி நெட்வொர்க் கணினியின் விலைச் சாதகத்தைப் பறித்தவரே, அந்த மலிவான கணினியைத் தரையாக்கி அதன்மேல் தின் கிளையன்ட் விற்றார். விலைப்போரில் இந்தச் சாதனம் தனிக்கணினியை வெல்லவில்லை. அதன் நிழலில் வளரக் கற்றுக்கொண்டது.

மேடைச் சத்தம் எதுவும் இல்லாமல் வென்ற வழி வேறு. ஐபிஎம்மில் ஓஎஸ்/2 இயங்குதளப் பணியை வழிநடத்திய எட் இயாகோபுச்சி, 1989இல் விலகி சிட்ரிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அது புளோரிடாவில் வேரூன்றியது. விண்டோஸ் என்டி ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே மேசை தரும். மைக்ரோசாப்டிடம் அனுமதி பெற்று அதன் மூலநிரலில் கைவைத்து, ஒரே சர்வரில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி சிட்ரிக்ஸ் மாற்றியது. வின்பிரேம் என்ற பெயரில் 1995இல் அது வெளிவந்தது. வைஸ் அதே ஆண்டு வின்டெர்ம் என்ற விண்டோஸ் முனையத்தைக் கொண்டுவந்தது. எல்லிசன் விண்டோஸை ஒழிக்கக் கிளம்பினார்; சிட்ரிக்ஸ் விண்டோஸைத் தூரத்திலிருந்து காட்டியது. எந்த அலுவலகமும் தன் பழைய மென்பொருளைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. வாங்கும் இடத்தில் இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

1997 பிப்ரவரியில், இந்த வசதியைத் தானே உருவாக்கப்போவதாக மைக்ரோசாப்ட் சிட்ரிக்ஸுக்குத் தெரிவித்தது. சிட்ரிக்ஸின் பங்குவிலை ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. மே மாதம் சமரசம்: மைக்ரோசாப்ட் 7.5 கோடி டாலரை முன்பணமாகவும், 10 கோடி டாலர் வரை உரிமத்தொகையாகவும் தந்து தொழில்நுட்பத்தைப் பெற்றுக்கொண்டது. 1998இல் விண்டோஸ் என்டி டெர்மினல் சர்வர் பதிப்பு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு கப்பம்: அடித்தளத்துக்கு மைக்ரோசாப்டுக்கு, மேல்தளத்துக்குச் சிட்ரிக்ஸுக்கு அல்லது பின்னால் வந்த விஎம்வேருக்கு. பெட்டி விற்பவர் மூன்றாவதாக நின்றார்.

சன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட சன் ரே பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. அதில் இயங்குதளம் என்று எதுவும் இல்லை. ஸ்மார்ட் கார்டைச் செருகினால் உங்கள் மேசை திரையில் வரும். உருவி எடுத்து வேறு மாடியில் உள்ள பெட்டியில் செருகினால், பாதி தட்டிய வாக்கியம் அங்கே காத்திருக்கும். தொழில்நுட்பமாக இந்தத் துறையில் வந்தவற்றுள் ஆகத் தூய்மையானது அதுதான். சனை 2010இல் வாங்கிய ஆரக்கிள், 2014இல் அந்த வரிசையையே நிறுத்தியது. நெட்வொர்க் கணினிக்காகப் பாரிஸில் வாதாடிய அதே எல்லிசனின் நிறுவனம்.

மருத்துவமனையும் கால் சென்டரும்

செலவு குறையும் என்ற வாதத்தால் தொடங்கிய சந்தையை நிலைநிறுத்தியது பயம். 2006 மே மாதம், அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு நடந்தது. காணாமல்போன மடிக்கணினியிலும் வெளி டிஸ்க்கிலும் 2.65 கோடி பேரின் விவரங்கள் இருந்தன. அடுத்த மாதம் அவை கிடைத்துவிட்டன, தகவல் கசியவில்லை என்றார்கள். ஆனாலும் அச்சம் நிலைத்துவிட்டது. 2007 நவம்பரில் பிரிட்டனின் வரித்துறை, 2.5 கோடி பேரின் குழந்தை உதவித்தொகை விவரங்கள் அடங்கிய இரண்டு வட்டுகளைத் தபாலில் தொலைத்ததாக ஒப்புக்கொண்டது. மேசையில் தரவே இருக்கக்கூடாது என்ற முடிவுக்கு வங்கிகளும் அரசுகளும் வர இவை போதுமானதாயின.

இந்தச் சாதனம் தன் முழுப் பயனையும் காட்டும் இடம் மருத்துவமனை என்பேன். ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஒரு ஷிப்டில் பல அறைகளுக்குள் போய்வருகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் கணினியில் நுழைந்து, மருத்துவப் பதிவைத் திறந்து, வெளியேறி, அடுத்த அறையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் நோயாளிக்கான நேரம் கரையும். அதனால்தான் யாரோ ஒருவர் நுழைந்த கணக்கிலேயே எல்லோரும் வேலை செய்யும் ஆபத்தான பழக்கம் உருவாகிறது. அடையாள அட்டையைத் தட்டினால் திறந்துவைத்த பதிவு அந்த அறையின் திரைக்கு வரும், மறுமுறை தட்டினால் மறையும் என்ற ஏற்பாடு அந்தப் பழக்கத்தை நிறுத்துகிறது. சன் ரே காட்டிய வழியை இம்ப்ரிவேட்டா போன்ற நிறுவனங்கள் மருத்துவமனைகளுக்கென்றே வளர்த்தெடுத்தன. மின்விசிறி இல்லாத பெட்டி தூசியைக் கிளப்பாது. துடைத்துச் சுத்தம் செய்யவும் எளிது. வாங்குபவர் கணக்கில் இவையும் சேர்கின்றன.

கால் சென்டரின் கதை வேறு மாதிரி. ஒரே இருக்கையில் ஒரு நாளில் மூன்று ஷிப்டுகளில் மூன்று பேர் அமர்கிறார்கள். திரையில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கார்டு எண். பென் டிரைவ் செருக முடியாத, எதையும் சேமிக்க முடியாத பெட்டி அங்கே நிர்வாகத்துக்கு மிகவும் வேண்டியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் பெங்களூரிலும் நிறுவனங்கள் கணினிகளை வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பின. வீட்டிலிருந்து அழைப்பு எடுக்கத் தடையாக இருந்த விதிகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை தற்காலிகமாகத் தளர்த்தியது. அந்த நவம்பரில் விதிகளையே மாற்றி எழுதியது. மேசை ஏற்கெனவே சர்வரில் இருந்த நிறுவனங்களுக்கு இந்த மாற்றம் எளிதாக இருந்தது.

ஆனால் ஊழியரின் பக்கத்தையும் எழுதியாக வேண்டும். சர்வரில் ஓடும் மேசையை முழுவதுமாகப் பதிவுசெய்து வைக்கலாம். அதற்கான மென்பொருள் இந்த நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலிலேயே இருக்கிறது. தனிக்கணினியில் ஊழியருக்கு இருந்த சிறு சுதந்திரமும், தனக்குப் பிடித்த ஒரு கருவியைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையும் போய்விடுகின்றன. வாடிக்கையாளரின் ரகசியம் காக்கப்படுவது நியாயம். அதே கருவி வீட்டில் வேலை செய்பவரின் ஒவ்வொரு நிமிடத்தையும் அளக்கவும் பயன்படும்போது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுவது முதலாளியின் கடமை. சந்தை அறிக்கைகள் இதை ஒரு வரியிலும் தொடுவதில்லை.

கணக்கு எங்கே மாறுகிறது

2006 வாக்கில் விஎம்வேர் ஒரு புதிய வடிவத்தை முன்வைத்தது. ஒரே விண்டோஸைப் பலர் பகிர்வதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் சர்வருக்குள் ஒரு தனி விண்டோஸ். விடிஐ என்று துறையில் அழைக்கப்படும் இந்த முறை செலவின் இடத்தை மாற்றியது. திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால், ஆயிரம் விண்டோஸ்கள் ஒரே சேமிப்பகத்திலிருந்து எழும்ப வேண்டும். சுழலும் டிஸ்க்குகளால் அதைத் தாங்க முடியவில்லை. தொடக்கக் காலத்தில் பல திட்டங்கள் அங்கேயே முறிந்தன. பிளாஷ் சேமிப்பு மலிவான பிறகுதான் நிலைமை சீரானது. 2009இல் தொடங்கிய நியூட்டானிக்ஸ் முதலில் வாடிக்கையாளர் பிடித்ததே இந்தச் சிக்கலைத் தீர்த்துத்தான்.

உரிமத்தைப் பாருங்கள். 2010 ஜூலை முதல், தன்னிடம் பராமரிப்பு ஒப்பந்தம் உள்ள தனிக்கணினியிலிருந்து சர்வர் விண்டோஸைப் பயன்படுத்த மைக்ரோசாப்ட் கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. தின் கிளையன்டுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. ஆகவே ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 100 டாலர் கேட்டது. ஆறு ஆண்டு உழைக்கும் 300 டாலர் பெட்டி என்று வைத்துக்கொண்டால், பெட்டியின் விலையைப்போல இரு மடங்கு இந்த ஓர் உரிமத்துக்கே போய்விடும். சிட்ரிக்ஸ் அல்லது விஎம்வேரின் கட்டணம், சர்வர், சேமிப்பகம், குளிர்சாதனம் எல்லாம் அதற்கு மேல். தனிக்கணினியைவிட இது மலிவு என்று விற்பனையாளர் சொன்னால், எந்தெந்த வரிகளைக் கூட்டினார் என்று கேட்பது வாங்குபவரின் பொறுப்பு. பராமரிப்பு ஆட்செலவு மிகுந்த நாடுகளில் கணக்கு தின் கிளையன்டின் பக்கம் சாயும். ஆட்செலவு குறைந்த இந்தியா போன்ற நாடுகளில் அதே கணக்கு எளிதில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இரண்டிடத்திலும் ஒரே விளம்பரத் தாளைக் காட்டுகிறார்கள்.

பெட்டியும் ஒல்லியாக நீடிக்கவில்லை. வீடியோ கூட்டங்கள் வழக்கமானதும், கேமராவின் படம் சர்வருக்குப் போய், அங்கிருந்து கூட்ட நிறுவனத்தின் கிளவுடுக்குப் போய், அதே வழியில் திரும்புவது தாங்கமுடியாத சுமையானது. எனவே வீடியோவை மட்டும் பெட்டியே நேரடியாகக் கையாளும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பலமான பிராசசரும் கூடுதல் நினைவகமும் வேண்டும். இரண்டு திரை, துல்லியம் மிகுந்த காட்சி என்று தேவைகள் ஏற ஏற, பெட்டியின் விலை சிறு தனிக்கணினியை நெருங்கியது. தொடக்கத்தில் எல்லிசனை வீழ்த்திய அதே விலைக்கணக்கு மறுபடி எதிரே வந்து நின்றது.

பெட்டி செய்பவர்கள் இதை முன்பே உணர்ந்திருக்க வேண்டும். எச்பி 2007இல் தின் கிளையன்ட் நிறுவனமான நியோவேரை 21.4 கோடி டாலருக்கு வாங்கியது. டெல் 2012இல் வைஸை வாங்கியது. தனிக்கணினியை ஒழிக்கப் பிறந்தவை தனிக்கணினி விற்கும் இரு பெரும் நிறுவனங்களின் பிரிவுகளாயின. அதன்பின் பல ஆண்டுகள் இந்த இரண்டும் சேர்ந்தே சந்தையில் பாதிக்கும் மேல் வைத்திருந்தன. ஜெர்மனியின் பிரேமனில் வளர்ந்த ஐஜெல், இன்னும் துணிவான முடிவு எடுத்தது: 2023இல் பெட்டி விற்பதையே கைவிட்டு, எந்தக் கணினியையும் தின் கிளையன்டாக மாற்றும் மென்பொருளை மட்டும் விற்கத் தொடங்கியது. கூகுளும் 2022இல் குரோம்ஓஎஸ் பிளெக்ஸ் மூலம் பழைய கணினிகளுக்கு இதே போன்ற வழியைத் திறந்தது.

இதற்குத் தோதான தருணமும் வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தேவையான வன்பொருள் இல்லாததால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கெனாலிஸ் நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கி எறிவதைவிட அதைத் தின் கிளையன்டாக இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவைப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வமைப்பு, சர்வரின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் தின் கிளையன்டுக்கே சூழல்சுமை குறைவு என்று கண்டது. ஐஜெல் அந்த ஆய்வில் கூட்டாளியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சீனா தனித் தடத்தில் போகிறது. புஜியான் மாகாணத்தின் பூச்சோவில் உள்ள சென்டெர்ம், வங்கிக் கவுன்ட்டர் முனையங்களிலிருந்து வளர்ந்து உலகப் பட்டியலின் முன்வரிசைக்கு வந்திருக்கிறது. அமெரிக்கச் சிப்புகளையும் விண்டோஸையும் அரசு அலுவலகங்களிலிருந்து படிப்படியாக நீக்கும் கொள்கை அங்கே உள்நாட்டுச் சாதனங்களுக்குப் பெருஞ்சந்தை தருகிறது. கேள்வி ஒன்றுதான், அமெரிக்காவிலும் சீனாவிலும்: மேசையின் சாவி யாரிடம்?

வாடகை வீடு

அந்தச் சாவி கடந்த பத்தாண்டில் கைமாறியிருக்கிறது. முன்பு சர்வர் வாங்குபவரின் கட்டடத்திலேயே இருந்தது. அமேசான் 2013இல் வொர்க்ஸ்பேசஸ் சேவையை அறிவித்து, மேசையையே மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் 2019இல் அதே வழியில் இறங்கி, 2021 ஆகஸ்டில் விண்டோஸ் 365ஐ வெளியிட்டது. இரண்டும் பெட்டி விற்பனையிலும் இறங்கின. அமேசானின் தின் கிளையன்ட் 2023 நவம்பரில் 195 டாலருக்கு வந்தது. தொலைக்காட்சியில் மாட்டும் தன் பயர் டிவி கியூபின் வன்பொருளையே அதற்குப் பயன்படுத்தினார்கள். மைக்ரோசாப்டின் விண்டோஸ் 365 லிங்க் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, விலை 349 டாலர்.

349 டாலர் என்பதைப் படித்து மகிழ்வதற்குள் இன்னொரு வரியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 365 அறிமுகமானபோது இரண்டு பிராசசர், 4 ஜிபி நினைவகம், 128 ஜிபி இடம் கொண்ட எளிய மேசைக்கு ஒருவருக்கு மாதம் 31 டாலர். ஐந்து ஆண்டுக்கு 1,860 டாலர். பெட்டியின் விலையைப்போல ஐந்து மடங்குக்கு மேல். அமேசானும் மைக்ரோசாப்டும் சாதனத்தை வைத்துப் பிழைக்கத் தேவையில்லை. சாதனம் சந்தாவின் வாசல். எல்லிசன் 1995இல் சொன்னது அவருடைய பெட்டி இல்லாமலே நிறைவேறிக்கொண்டிருக்கிறது, அதன் வருமானம் அவர் எதிர்த்த நிறுவனத்துக்குப் போகிறது.

வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரர் மாறினால் என்ன நடக்கும் என்பதை விஎம்வேரின் வாடிக்கையாளர்கள் கண்டார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தா என்றானது. அமெரிக்கத் தொலைத்தொடர்புப் பெருநிறுவனமான ஏடி அண்ட் டி 2024இல் பராமரிப்பு ஆதரவைக் கேட்டு நீதிமன்றம் போக நேர்ந்தது, பிறகு சமரசமானது. மேசைகளைக் கையாளும் பிரிவை மட்டும் பிராட்காம் 400 கோடி டாலருக்கு கேகேஆர் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அது ஆம்னிசா என்று பெயர் மாறியது. சிட்ரிக்ஸும் 2022 செப்டம்பரில் 1,650 கோடி டாலருக்குத் தனியார் முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. கடன் வாங்கி நிறுவனம் வாங்கியவர்கள் அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பார்கள்? பழைய வாடிக்கையாளரின் புதுப்பித்தல் கட்டணத்திலிருந்துதான்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவிப்பதன் ஆபத்தும் இதோடு சேர்ந்தது. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸின் நுழைவாயில் கருவியில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. சிட்ரிக்ஸ் பிளீட் என்று அதற்குப் பெயர். கடவுச்சொல்லும் இரண்டாம் உறுதிப்பாடும் இல்லாமலே, ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் அமர்வைக் களவாட அது வழிவிட்டது. போயிங்கின் ஒரு பிரிவு அதன் வழியே தாக்கப்பட்டது. காம்காஸ்டின் எக்ஸ்பினிட்டி சேவையில் ஏறத்தாழ 3.6 கோடி வாடிக்கையாளர் கணக்குகளின் விவரங்கள் வெளியாயின. மறுபுறம், 2024 ஜூலை 19இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான புதுப்பிப்பு 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை முடக்கியபோது, மேசை மேசையாகப் போய்ச் சரிசெய்ய நேர்ந்தது தனிக்கணினி வைத்திருந்தவர்களுக்கே. ஒரு நல்ல பிரதியிலிருந்து எல்லா மேசைகளையும் புதிதாக எழுப்பக்கூடிய அமைப்பு வைத்திருந்தவர்களுக்கு வேலை குறைவு. மையப்படுத்தல் பாதுகாப்பானதா ஆபத்தானதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை; மையத்தைக் காப்பவர் எத்தனை விழிப்பானவர் என்பதைப் பொறுத்தது.

இந்தச் சந்தையின் அளவு பற்றி வெளிவரும் விற்பனை அறிக்கைகளை நான் நம்பிப் படிப்பதில்லை. ஒன்று பெட்டிகளை மட்டும் எண்ணும். இன்னொன்று மென்பொருளையும் சேவையையும் சேர்க்கும். மூன்றாவது பழைய கணினியில் ஏற்றிய இயங்குதளத்தையும் கூட்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு தொகை சொல்லி, எல்லாமே ஆண்டுதோறும் வளரும் என்று முடிக்கும். பெட்டிகளின் எண்ணிக்கை நெடுநாள் ஒரே மட்டத்தில் நின்றது; சந்தா வருமானம் ஏறியது. வளர்ச்சி என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகே அந்தத் தாளுக்கு மதிப்புக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கியையோ, நடுத்தர மருத்துவமனையையோ, கல்லூரி ஆய்வகத்தையோ நிர்வகிப்பவர் யாரேனும் இதைப் படித்தால், அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பல பேர் பல இருக்கைகளில் மாறி மாறி அமர்ந்து, ஒரே சில மென்பொருளைப் பயன்படுத்தும் இடம் உங்களுடையது என்றால் தின் கிளையன்ட் உங்களுக்கு நல்லது செய்யும், தயங்காமல் ஆராயுங்கள். இருக்கிற பழைய கணினிகளையே முதலில் மாற்றிப் பாருங்கள். விலைப்பட்டியல் வரும்போது பெட்டியின் விலையைக் கடைசியில் படியுங்கள். ஐந்தாம் ஆண்டின் சந்தா எவ்வளவு, உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, ஒப்பந்தம் முறிந்தால் உங்கள் தரவை எந்த வடிவில் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், அந்தப் பெட்டி வேறு நிறுவனத்தின் சேவையோடும் வேலை செய்யுமா: இந்த நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.